ஹால் வளைவில் மேடு வந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்

பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கத்துத் தமிழர்கள் ஸ்கிர்மியான் பற்றிக் கேட்டவை இவை. ஆக்சைடு மென்படலங்களை அளப்பதுதான் என் அன்றாட வேலை. ஹால் வளைவு என்பது, மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தம் காந்தப்புலத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடு.

அம்மணி, ஸ்கிர்மியான் என்றால் என்ன? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

படலத்தில் அணுக்காந்தங்கள் எல்லாம் மேல்நோக்கி நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. ஓரிடத்தில் மட்டும் நடுவில் இருப்பது கீழ்நோக்கி நிற்கும். அங்கிருந்து வெளியே வரவர ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நிமிரும். அந்தச் சுழிதான் ஸ்கிர்மியான். சிக்குக் கோலத்து இழை மாதிரி, எளிதில் பிரிக்க வராது. 2009-இல் மாங்கனீசு சிலிசைடில் நியூட்ரான் சிதறலில் பிடிபட்டது. அடுத்த ஆண்டே இன்னொரு சிலிசைடில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அதைப் படம் பிடித்தது.

அக்கா, ஹால் வளைவில் மேடு வந்திருக்கிறது. ஸ்கிர்மியான் என்று எழுதிவிடலாமா? (எம்.எஸ்சி. மாணவி)

வேண்டாம் கண்ணு. ஸ்கிர்மியான் எலெக்ட்ரான்களை ஒருபக்கம் தள்ளி மேடு எழுப்பலாம், உண்மைதான். ஸ்ட்ரான்சியம் ருத்தேனேட், ஸ்ட்ரான்சியம் இரிடேட் என்ற இரண்டு ஆக்சைடுகளையும் அடுக்கிய படலத்தில் 2016-இல் இப்படி ஒரு மேட்டை ஸ்கிர்மியானின் தடயமாகச் சொன்னார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை. காரணம், ருத்தேனேட்டின் ஹால் மின்னழுத்தம் வெப்பநிலையையும் தடிமனையும் பொறுத்துக் குறி மாறும். படிகத்தின் ஓர் அலகு அடுக்கு, அதாவது சுமார் 0.4 நானோமீட்டர், ஓரிடத்தில் கூடிவிட்டாலே போதும். ஒரு பகுதி நேர்க்குறி, இன்னொன்று எதிர்க்குறி. இரண்டின் காந்தத் திசையும் வெவ்வேறு புலத்தில் புரளும்போது கூட்டுத்தொகையில் அதே மேடு வரும்.

என்னிடமும் ஒரு படலம் அழகான மேடு காட்டியது. வெட்டி, நடுத்துண்டையும் ஓரத்துண்டையும் தனித்தனியே அளந்தேன். ஓரத்தில் மேடே இல்லை! முதலில் இதைச் செய்து பார்.

அப்படியானால் எதில் படம் எடுப்பது? (அதே மாணவி)

காந்த ஊசியால் படலத்தை வருடிப் படம் எடுக்கும் காந்த விசை நுண்ணோக்கியில் தொடங்கு. ருத்தேனேட் சுமார் 160 கெல்வினுக்குக் கீழேதான் காந்தமாகும், அதனால் குளிரூட்டி வேண்டும். ஊசியே ஒரு காந்தம் என்பதை மறக்காதே. அது சுழியை இழுத்துவிடும், சில நேரம் உருவாக்கியும் விடும். ஊசியை உயர்த்தி மறுபடி வருடு, படம் மாறுகிறதா பார். இன்னொன்று: வட்டமாகத் தெரிவதெல்லாம் ஸ்கிர்மியான் இல்லை, வெறும் காந்தக் குமிழியாகவும் இருக்கலாம். சுழலும் திசை தெரிந்தால்தான் நம்பலாம். வைரத்தில் நைட்ரஜன் குறையிடம் உள்ள ஊசி படலத்தை அவ்வளவாகக் குலைக்காது, புலத்தையும் எண்ணாகத் தரும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நுண்ணோக்கிக்குத் தொந்தரவு தராதா? (கஞ்சிக்கோடு வாசகர்)

காற்றைவிட நெடுஞ்சாலை லாரிகள்தான் தொந்தரவு. அதிர்வு தாங்கும் மேசை கட்டாயம்.

லாரன்ஸ் எலெக்ட்ரான் நுண்ணோக்கி கூடாதா அக்கா? (மாணவி)

கூடும். அதில் எலெக்ட்ரான்கள் படலத்தை ஊடுருவிப் போக வேண்டும். ஆனால் படலம் வளர்ந்திருக்கும் அரை மில்லிமீட்டர் அடித்தளத்தை எலெக்ட்ரான் துளைக்காது. அடியில் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் அடுக்கு வைத்து வளர்த்தால், அது தண்ணீரில் கரைந்து படலம் தனியே பிரிந்துவிடும். வலைத்தட்டில் மெதுவாக ஏந்தி எடு. நீல் வகைச் சுழி, அதாவது அணுக்காந்தங்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிய ஆரத்திசையில் சாய்ந்து திரும்பும் வகை, நேராகப் பார்த்தால் தெரியாது. தட்டைச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும்.