ஆக்ஸ் வயரில் வரும் கீச்சொலி

வணக்கம். பொள்ளாச்சி சாலையில் காரில் போகும்போது, பாட்டு பிளேயரை ஆக்ஸ் வயரில் (பாட்டைக் கார் ஸ்டீரியோவுக்குக் கொண்டுபோகும் வயர்) இணைத்துச் சார்ஜரையும் செருகினால் கீச்சென்று ஒலி வருகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஸ்டீரியோவைக் கழற்றிவிடாதீர்கள்! முதலில் சார்ஜரை உருவிப் பாருங்கள். ஒலி நின்றால் கோளாறு எர்த்தில்தான். சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் வயர் வழியாக ஒன்று என்று பிளேயருக்கு இரண்டு எர்த் பாதைகள் கிடைத்து, ஆல்டர்னேட்டரின் (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி) இரைச்சல் பாட்டோடு கலந்துவிடுகிறது. இதற்குப் பெயர் கிரவுண்ட் லூப். கோவை காந்திபுரம் பக்கம் போனால் கார் ஆடியோ கடையில் 3.5 மி.மீ. பிளக் உள்ள கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கேளுங்கள். உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். பாட்டை விடும், எர்த்தை விடாது. பிளேயருக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவே செருகினால் போதும். என் வண்டியில் இதே தொல்லை அப்படித்தான் தீர்ந்தது. அதுவரை வீட்டிலேயே முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.