கிணறு கூடினால் நீர் கூடுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சிறுநகருக்கு நான்கு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து குடிநீர் வழங்கப்படுகிறது. மக்கள்தொகை பெருகிவிட்டதால், நீரேற்று நிலைய வளாகத்திலேயே இன்னும் இரண்டு கிணறுகள் போட நகர்மன்றம் முடிவு செய்திருக்கிறது. இடமும் மின் இணைப்பும் கையில் இருப்பதால் செலவு குறையும் என்கிறார்கள். நீர்வரத்து பாதியளவு கூடும் என்று நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஒரு கிணற்றில் இறைக்கத் தொடங்கியதும் அதைச் சுற்றிலும் நிலத்தடி நீர்மட்டம் புனல் வடிவில் தாழ்கிறது. அருகருகே கிணறுகள் இருந்தால் இந்தப் புனல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டமும் தன்னுடைய இறைப்பால் மட்டுமன்றி அண்டைக் கிணறுகளின் இறைப்பாலும் தாழும். நேரம் செல்லச் செல்ல இந்தத் தாழ்வு எவ்வாறு பரவுகிறது என்பதைக் கணக்கிடும் முறையை அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த சார்லஸ் தைஸ் 1935இல் வகுத்தார். சீரான படுகை (நிலத்தடியில் நீரைத் தேக்கி வைத்திருக்கும் மண் அல்லது பாறை அடுக்கு) ஒன்றில் 10 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்கு விலகினால் அண்டைக் கிணற்றின் பாதிப்பு எவ்வளவு குறையுமோ, அதே அளவு இன்னொரு முறை குறைய வேண்டுமானால் 1000 மீட்டருக்குப் போக வேண்டும் என்பது அந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் பாடம். ஆகவே, வளாகத்துக்குள்ளேயே சில மீட்டர் தள்ளிப் போடுவதால் பெரிய பயன் இராது.

குறையும் என்று சொல்லப்படும் செலவு வேறு வழியில் திரும்பி வரும். நீர்மட்டம் தாழ்ந்தால் அதே மோட்டார் குறைவாகவே நீர் தள்ளும், மின்சாரமும் கூடுதலாகும். நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர் நீரை இன்னும் 10 மீட்டர் கூடுதலாக ஏற்ற வேண்டியிருந்தால், மோட்டாரும் பம்பும் சேர்ந்து 60 சதவீதத் திறனில் இயங்குவதாகக் கொண்டாலும், நாள்தோறும் ஏறத்தாழ 45 யூனிட் மின்சாரம் அதிகம் தேவைப்படும். கிணறு போடும் செலவு ஒருமுறை. இது கிணறு உள்ளவரை.

அப்படியானால் எங்கே போடுவது? முதலில் இருக்கும் நான்கையும் சோதியுங்கள். மோட்டாரை நிறுத்திய நிலையில் நீர்மட்டம், ஓடும்போது நீர்மட்டம், வெளிவரும் நீரின் அளவு ஆகிய மூன்றையும் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். ஓய்வு நீர்மட்டம் மாறாதிருக்க, இறைக்கும்போது மட்டும் மட்டம் முன்பைவிட அதிகமாகத் தாழுமானால், படுகை வற்றவில்லை. கிணற்றின் வடிகுழாய்த் துளைகள் இரும்புப் படிவாலோ சுண்ணாம்புப் படிவாலோ அடைபட்டிருக்கக்கூடும். அதைத் தூர்வாரிச் சுத்தம் செய்வது புதுக் கிணற்றைவிடப் பெரும்பாலும் மலிவு. ஓய்வு நீர்மட்டமே ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறதென்றால், மழை ஊட்டுவதைவிட அதிகமாக எடுக்கிறோம் என்று பொருள். அந்தப் படுகையில் எத்தனை கிணறு போட்டாலும் பற்றாக்குறை சீக்கிரம் வருமே தவிரத் தீராது.

புதிய இடத்தைத் தேர்ந்தாலும், துளையிட்ட நாளன்று பீறிட்டு வரும் நீரைப் பார்த்து மோட்டாரின் அளவை முடிவு செய்துவிடக் கூடாது. கடினப் பாறைப் பகுதிகளில் அது பிளவுகளில் தேங்கிய நீராக இருக்கலாம். சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். ஒரே அளவில் 24 முதல் 72 மணி நேரம் வரை தொடர்ந்து இறைத்து, பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளந்து, நிறுத்திய பின் மட்டம் மீளும் வேகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். கோடையில் செய்த சோதனைக்கே மதிப்பு அதிகம்.

கேள்வி: காலையில் மேட்டுத் தெருக்களில் குழாயில் நீர் வருவதில்லை, பிற்பகலில் நன்றாக வருகிறது. இதுவும் கிணற்றுப் பற்றாக்குறைதானா?

பதில்: பிற்பகலில் நன்றாக வருகிறதென்றால் பெரும்பாலும் அது தொட்டியின் குறை அல்லது குழாயின் குறை. பயன்பாடு உச்சமாக இருக்கும் நேரத்தில் தேவை சராசரியைப்போல் இரண்டு, மூன்று மடங்குக்குக்கூட உயரும். கிணறுகள் நாள் முழுதும் ஒரே சீராகத் தர, அந்த உச்சத்தை மேல்நிலைத் தொட்டிதான் தாங்க வேண்டும். காலை உச்சம் முடிவதற்குள் தொட்டி காலியாகிவிட்டால் தொட்டி சிறியது. தொட்டியில் நீர் இருந்தும் மேட்டுக்கு ஏறவில்லை என்றால் குழாய் குறுகியது. 100 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 150 மில்லிமீட்டர் குழாய் பதித்தால், அதே அளவு நீர் ஓடும்போது உராய்வால் இழக்கும் அழுத்தம் சுமார் ஏழில் ஒரு பங்காகிவிடும். இரண்டு கிணறுகள் செய்யாததை ஒரு தெருக் குழாய் செய்துவிடுவதுண்டு.

கேள்வி: புதுக் கிணற்று நீர் பளிங்குபோல் இருக்கிறது. பரிசோதனை அவசியமா?

பதில்: கட்டாயம். ஆபத்தானவை பலவற்றுக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. வங்கதேசத்தில் கிருமியுள்ள மேற்பரப்பு நீருக்கு மாற்றாக ஏராளமான குழாய்க் கிணறுகள் போடப்பட்டு, அவற்றில் பலவற்றின் நீரில் ஆர்செனிக் இருப்பது 1993இல்தான் தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு ஆர்செனிக் 0.01 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம் என்று வழிகாட்டு அளவு வைத்திருக்கிறது. இரும்பு மிகுந்த நீர் எடுக்கும்போது தெளிவாக இருந்து, காற்றுப் பட்டபின் செம்மண் நிறமாகும். ஆகவே ஒரு குவளையைச் சில மணி நேரம் திறந்து வைத்துப் பார்ப்பதும் நல்லது, ஆனால் அது ஆய்வகத்துக்கு ஈடாகாது. புது நீரின் வேதித்தன்மை பழையதிலிருந்து வேறுபட்டால் குழாய்களின் உட்படிவுகள் பெயரவும் கூடும். எனவே இரண்டையும் கலந்தும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கசிவை அடைப்பதா, கிணறு போடுவதா? எங்கள் நகராட்சியில் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை.

பதில்: நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை, தொட்டியின் உள்வரவை அடைத்துவிட்டு, வெளியேறும் நீரை அளந்து பாருங்கள். ஊர் உறங்கும் அந்த நேரத்திலும் பெருமளவு ஓடிக்கொண்டிருந்தால், வீட்டுத் தொட்டிகள் நிரம்பும் அளவைக் கழித்தது போக மிச்சமெல்லாம் மண்ணுக்குப் போகிறது. அந்த நகரில் கசிவை அடைப்பதே முதல் வேலை. புதுக் கிணற்றால் அழுத்தம் உயர்ந்தால் அதே ஓட்டைகளில் இன்னும் கூடுதலாக ஒழுகும். விட்டுவிட்டு நீர் விடும் ஊர்களில் இன்னொரு கேடும் உண்டு: குழாய் காலியாகும் வேளையில் அதே ஓட்டைகள் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும்.

கேள்வி: எத்தனை கிணறுகள் இருந்தால் போதும்?

பதில்: இருப்பவற்றில் மிகப் பெரியது பழுதாகி நிற்கும்போதும், மற்றவை ஆண்டின் மிக அதிகத் தேவையுள்ள நாளைச் சமாளிக்க வேண்டும். அந்தக் கணக்கில் குறை வந்தால் மட்டும் ஒன்று கூட்டுங்கள். முடிந்தால் வேறொரு படுகையில்.