மிதுனத்தில் சந்திரன் இருந்தால் கையில் இரத்தம் எடுக்கலாமா?

வணக்கம். 1440-இல் பாரிஸில் நடக்கும் உங்கள் கதையில் நாவிதர் நோயாளியின் கையைக் கீறி இரத்தம் வடிக்கிறார். பஞ்சாங்கச் செயலி அன்று சந்திரன் மிதுனத்தில் 20 பாகை என்று காட்ட, 'காட்சியே போச்சே' என்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். மேஷம் தலை, மிதுனம் தோளும் கையும், மீனம் பாதம் என்று அன்றைய ஐரோப்பியர்களும் உடம்பைப் பங்கு போட்டிருந்தார்கள் (ராசிகளை உடலுறுப்புகளாகக் காணும் நம் காலபுருஷனேதான்!). சந்திரன் நிற்கும் ராசிக்குரிய உறுப்பில் இரும்பு படக்கூடாது என்பது விதி. பண்டைய வானியல் அறிஞர் தாலமி சொன்னதாகவே அதை நம்பினார்கள்.

ஆனால் உங்கள் செயலி காட்டுவது நிராயனக் கணக்கு, அதாவது நட்சத்திரங்களை வைத்து ராசிகளை அளப்பது. ஐரோப்பியர்கள் பின்பற்றியது சாயனம், அதாவது வசந்த சமநாளில் சூரியன் நிற்கும் புள்ளியிலிருந்து அளப்பது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியான அயனாம்சம் அன்று சுமார் 16 பாகை. ஒரு ராசிக்கு 30 பாகைதான் என்பதால், அதைக் கூட்டினால் சந்திரன் அடுத்த ராசியான கடகத்துக்குப் போய்விடும். கடகம் மார்புக்குரியது. அப்புறம் என்ன, கையைத் தாராளமாகக் கீறலாம்!

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். அப்போது அங்கே ஜூலியன் நாட்காட்டி. செயலியில், இப்போது நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிப்படி தேதி கொடுத்திருந்தால் 9 நாள் தவறும். சந்திரன் ஒரு ராசியில் இருப்பதே இரண்டேகால் நாள்தான் என்பதால் மொத்தக் கணக்கும் மாறிவிடும்.

ஒருவேளை மிதுனம்தான் வந்தாலும் காட்சியை வெட்டாதீர்கள். நாவிதர் பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நாளன்றைக்கு வாருங்கள்" என்று அனுப்பட்டும். எனக்கென்னவோ அதுதான் இன்னும் நல்ல காட்சி.