பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடைக் கம்பியை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளும் பயிற்சி) செய்யும்போது தோள் வலிக்கிறது. எடையைக் குறைத்தால் மார்பு வளராமல் போய்விடுமா?

வளரும், பயப்படாதீர்கள். 6 முறை தூக்கும் எடையோ 20 முறை தூக்கும் எடையோ, இன்னும் ஒன்றிரண்டுதான் முடியும் என்ற நிலைவரை செய்தால் தசை கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வளரும். இப்போதைக்கு 12 முதல் 15 முறை தூக்க முடிந்த எடைக்கு இறங்குங்கள்.

அடுத்து, முழங்கையைக் கவனியுங்கள். உடம்புக்கு நேர் குறுக்காக, 90 டிகிரியில் விரித்துத் தூக்கினால் தோள் மூட்டின் முன்பக்கம் அதிகம் சிரமப்படும். 45 முதல் 60 டிகிரிக்குள் வையுங்கள். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்து பெஞ்சில் அழுத்திக்கொண்டு, கம்பியை இரண்டு மூன்று விநாடி எடுத்து இறக்குங்கள். நெஞ்சில் மோதவிட்டு எகிறவைப்பது வேண்டாம் (ஜிம்மில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்). அப்படியும் வலித்தால் டம்பெல்லுக்கு மாறுங்கள். மணிக்கட்டைத் தோதாகத் திருப்பிக்கொள்ளலாம்.

அப்புறம், தசை சீக்கிரம் பலப்படும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பழகும். அதனால் எடையை ஒரே தாவலில் கூட்டாமல் 2.5 கிலோவாக ஏற்றுங்கள். முதுகுக்கு ரோயிங்கும் (எடையை உடம்பை நோக்கி இழுக்கும் பயிற்சி) சேருங்கள்.

இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, கையை மேலே தூக்க முடியவில்லை என்றால் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.