‘ஓஷன்ஸ் லெவன்’ (2001இல் வந்த ஹாலிவுட் கொள்ளைப் படம்) உண்மையிலேயே நல்ல படமா, நட்சத்திரங்களுக்காகக் கொண்டாடுகிறார்களா? அதிலுள்ள லாஜிக் ஓட்டைகள் யார் கண்ணிலும் படவில்லையா?

கண்ணில் பட்டது. உங்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டிருக்கும். 31 வருடம் வங்கியில் வேலை பார்த்தவள் நான். அதில் கடைசிப் பதினோரு வருடம் தலைமைக் காசாளர். ஸ்ட்ராங் ரூமின் இரண்டு சாவிகளில் ஒன்று எந்நேரமும் என்னிடம்தான் இருக்கும். இன்னொன்று அதிகாரியிடம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். அதனால் பணக் கிடங்கில் கொள்ளை என்று ஒரு படம் வந்தால் நான் திருடன் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதில்லை, கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன்.

நீங்கள் யாரோடோ வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டுவிட்டு வந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. "வெறும் ஸ்டைல், உள்ளே ஒன்றுமில்லை" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள், பத்துப் பேர் மேலே விழுந்திருப்பார்கள். சரி, முதலில் உங்கள் கட்சிக்கே பேசுகிறேன்.

படத்தில் லாஸ் வேகஸில் பெல்லாஜியோ, மிராஜ், எம்ஜிஎம் கிராண்ட் என்ற மூன்று சூதாட்ட விடுதிகளின் பணமும் ஒரே பாதாளக் கிடங்கில். குத்துச்சண்டைப் போட்டி நடக்கும் இரவில் 16 கோடி டாலர். அத்தனையும் நூறு டாலர் நோட்டு என்றே வைத்துக்கொள்வோம். 16 லட்சம் நோட்டு. ஒரு நோட்டு ஒரு கிராம். ஆக 1,600 கிலோ! எங்கள் கணக்கில் நூறு நோட்டு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டில். மொத்தம் 1,600 பண்டில். ரிசர்வ் வங்கியின் பணத்தை வைத்திருக்கும் கரன்சி செஸ்டிலிருந்து எங்கள் கிளைக்குப் பணம் வரும்போது இரும்புப் பெட்டியை இரண்டு பேர் பிடித்து, மூச்சு வாங்கித்தான் இறக்குவார்கள். இந்தப் படத்தில் ஏழெட்டுப் பேர் போலீஸ் வேஷத்தில் கையில் பையோடு ஊர்ச்சந்தையிலிருந்து வருகிற மாதிரி நடந்து வெளியே வருகிறார்கள். ஆளுக்கு இருநூறு கிலோ.

இது கூடப் போகட்டும். அதற்கு முன்பே விடுதி முதலாளியை ஏமாற்ற வேனில் ஏற்றி அனுப்பிய பைகளைத் திறந்தால் பணத்துக்குப் பதில் விளம்பர நோட்டீஸ் கத்தை கத்தையாக இருக்கிறதே, அத்தனை காகிதம் கிடங்குக்குள் எப்படிப் போனது? உள்ளே போன யார் கையிலும் அது இல்லை. ரசிகர்கள் இருபது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம்பும்படியான பதிலை இன்னும் நான் படிக்கவில்லை.

அப்புறம் ஏன் எனக்கு இந்தப் படம் பிடிக்கும் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2008, பொங்கலுக்கு முந்தின வாரம். கவுன்ட்டரில் நிற்க இடமில்லாத கூட்டம். சாயங்காலம் கணக்கு முடித்தால் ஐம்பதாயிரம் குறைகிறது. சரியாக ஐம்பதாயிரம், அதாவது ஒரு ஐந்நூறு ரூபாய்க் கட்டு. சில்லறையாகக் குறைந்தால் யாருக்கோ கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று புரியும். ஒரு முழுக் கட்டு குறைந்தால் எல்லோர் முகமும் மாறிவிடும். வவுச்சர்களை மூன்று முறை சரிபார்த்தோம். மேஜைக்கு அடியில், குப்பைக் கூடையில், ஃபேன் காற்றுக்குப் பறந்த தாள்களுக்கு நடுவில் எல்லாம் தேடினோம். எட்டரை மணிக்கு மேலாளர் வந்தார். ஆறு வருடமாக ஒன்றாக டீ குடித்தவர். என் முகத்தைப் பார்க்காமல், "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், பையை ஒரு தடவை காட்டிடுங்க" என்றார்.

காட்டினேன். டிபன் பாக்ஸ், குடை, அரைப் பாக்கெட் முறுக்கு, மகனுடைய கல்லூரி ஃபீஸ் ரசீது. ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தேன். கடைநிலை ஊழியர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பியதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஒன்பதே முக்காலுக்குக் கிடைத்தது. சேஃபில் வைத்திருந்த ஒரு பண்டிலில் பத்துக்குப் பதில் பதினோரு கட்டு. அவசரத்தில் யாரோ சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதுவரை நாங்கள் பண்டிலைத்தான் எண்ணினோம், பண்டிலுக்குள் எண்ணவில்லை. மேலாளர் "அப்பாடா" என்றார். அவ்வளவுதான். என் பையைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அவர் மாற்றலாகிப் போன நாளிலும் பேசவில்லை.

வீட்டுக்குப் போனால் மகன் விடுமுறைக்கு வந்தவன் படம் பார்த்துக்கொண்டிருக்கிறான். பர்மா பஜாரில் வாங்கிய டிவிடி. (ஆமாம், கொள்ளைப் படத்தைத் திருட்டு டிவிடியில் பார்த்தோம். நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.) சாப்பிடாமல் அப்படியே உட்கார்ந்தேன். மேட் டேமனும் ஜார்ஜ் க்ளூனியும் கிடங்குக் கதவை வெடிக்கப் பொத்தானை அழுத்துகிறார்கள், வெடிக்கவில்லை. பேட்டரியைப் பார்த்தாயா என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்கிறார். அவ்வளவு பெரிய திட்டம், கடைசியில் பேட்டரி! நான் சிரித்த சிரிப்பில் மகன் பயந்துபோய் "அம்மா, என்ன ஆச்சு?" என்றான். எனக்குத் தெரியுமே, பதினோராவது கட்டும் அந்தப் பேட்டரியும் ஒரே ஜாதி.

பைகள் வருகிற இடத்தில் மறுபடியும் சிரிப்பு. ஐம்பதாயிரத்துக்கு என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார்கள். அங்கே 16 கோடி டாலருக்குப் பை உள்ளே போகிறது, வெளியே வருகிறது, எவனும் ஜிப்பைத் தொடவில்லை. நீங்கள் அதை லாஜிக் ஓட்டை என்கிறீர்கள். அன்றைக்கு ராத்திரி எனக்கு அது மருந்து மாதிரி இருந்தது.

ஆனால் அனுதாபத்தில் பிடித்துப்போன படம் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு ஐந்தாறு முறை தெளிவான மனதோடு பார்த்திருக்கிறேன். இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் சிரிப்பைக் கதைக்கு வெளியே தேடுவதில்லை. தொழில் தெரிந்தவர்கள் ஒருவரோடொருவர் எப்படிக் குறைவாகப் பேசுவார்களோ அப்படிப் பேச விடுகிறார். பிராட் பிட் காட்சிக்குக் காட்சி எதையாவது தின்றுகொண்டே இருக்கிறார், யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது விடுதி முதலாளியாக வரும் ஆண்டி கார்ஸியா கண்டுபிடிக்கும் இடம். கேமராவில் தான் பார்த்த கொள்ளை, முன்கூட்டியே ஒரு போலிக் கிடங்கில் எடுத்து வைத்த படம் என்று அவருக்கு எப்படித் தெரிகிறது? தரையில் பதித்திருந்த பெல்லாஜியோ என்ற எழுத்து அந்தப் படத்தில் இல்லை. செவ்வாய்க்கிழமைதான் பதித்தோம் என்கிறார். தன் கிடங்கின் தரையைக் கூட நினைவில் வைத்திருக்கிற மனுஷன். வில்லனாக இருந்தால் என்ன, எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

இதே பெயரில் 1960இல் ஃபிராங்க் சினாட்ரா நடித்து வந்த பழைய படத்தில் முடிவு வேறு. அதில் பணத்தைச் சவப்பெட்டியில் மறைத்து வைக்க, பிணத்தோடு சேர்ந்து பணமும் எரிந்துபோகும். திருட்டைக் கொண்டாடக் கூடாது என்று கமெண்ட் போடப் போகிறவர்கள் அதைப் பார்த்துத் திருப்தி அடையலாம். நான் திருட்டை ஆதரிக்கவில்லை. 31 வருடத்தில் வங்கிப் பணத்தில் ஒரு ரூபாயைக் கூட நான் எடுத்ததில்லை. படத்தைப் பார்த்து யாரும் ஸ்ட்ராங் ரூமை உடைக்கக் கிளம்பிவிடுவதில்லை என்று மட்டும்தான் சொல்கிறேன்.

டான் சீடில் பேசும் லண்டன் ஆங்கிலம் படு மோசம் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்னமும் கேலி செய்கிறார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் சப்டைட்டில் ஆள்.

படங்களில் பணம் போனால் முதலாளிக்கு நஷ்டம், இல்லை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நஷ்டம். நிஜத்தில் கவுன்ட்டரில் குறைந்தால் காசாளர் கையிலிருந்து போகிறது. 2016 டிசம்பரில், பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த அடுத்த மாதம், வாரத்துக்கு 24,000 என்று எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது வந்த புது இரண்டாயிரம் நோட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு நோட்டு கூடுதலாகப் போயிருக்கிறது. எட்டாயிரம் ரூபாய், நான்தான் கட்டினேன். திருப்பிக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. அந்த நாட்களில் மத்தியானம் சாப்பிடவே எழுந்ததில்லை. இந்தக் கேள்வி-பதில் தளத்தில்தான் "லஞ்ச் டைம், அப்புறம் வாங்க" என்று வங்கி ஊழியரைக் கிண்டல் செய்யும் படங்களை இன்றைக்கும் போட்டுச் சிரிக்கிறீர்கள். சரி, விடுங்கள். கேள்வி அதுவல்ல.

அடுத்த பாகங்களைப் பற்றியும் கேட்பீர்கள். 2004இல் வந்த ‘ஓஷன்ஸ் ட்வெல்வ்’ படத்தில் ஜூலியா ராபர்ட்ஸின் பாத்திரம் ஜூலியா ராபர்ட்ஸ் மாதிரி நடிக்கிறது. பாதிப் பேர் அதைப் புத்திசாலித்தனம் என்கிறார்கள், நான் மீதிப் பாதி. அவர்கள் விடுமுறைக்குப் போன இடத்தில் எடுத்த வீடியோ மாதிரி இருந்தது எனக்கு. 2007இல் வந்த ‘தர்ட்டீன்’ பரவாயில்லை. பெண்கள் கொள்ளையடிக்கும் 2018 படம், ‘ஓஷன்ஸ் எய்ட்’, இன்னும் பார்க்கவில்லை. மகன் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி ஆறு மாதமாகிறது. இந்த முறையாவது காசு கொடுத்துப் பார்க்கலாம்டா என்றேன். "அம்மா, நீங்க ரிட்டையர் ஆகிட்டீங்க" என்கிறான்.