கொம்பு உரமும் கிரானைட் மண்ணும்: தென்னாப்பிரிக்காவின் கேப் ஒயின் திராட்சை கேள்வி பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): அக்கா, உயிராற்றல் (பயோடைனமிக்) வேளாண்மைக்கான தமிழ்நாட்டுக் கையேட்டில் கொம்பு சாண உரத்தைப் புரட்டாசி, ஐப்பசியில் புதைக்கச் சொல்கிறார்கள். ஸ்டெல்லன்பாஷிலும் அப்படித்தானா?

பதில்: இல்லை தம்பி, அங்கே புதைக்கிற மாதத்தில்தான் இங்கே தோண்டி எடுப்போம். பூமியின் தென்பாதியில் பருவம் தலைகீழ், அதனால் நமக்குப் புதைக்கும் காலம் மார்ச், ஏப்ரல். கன்று ஈன்ற பசுவின் கொம்பில் புதுச் சாணத்தை இறுக அடைத்து, ஒன்றரை அடி ஆழத்தில், வாய் கீழே பார்க்க வையுங்கள். மேலே பார்த்தால் குளிர்கால மழை உள்ளே தேங்கிவிடும். அக்டோபரில் எடுக்கும்போது கறுத்து, காட்டு மண் வாசம் வர வேண்டும். இன்னும் பச்சையாகச் சாண நாற்றம் அடித்தால் குழியில் காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம். அதைத் தெளிக்காமல் கம்போஸ்ட் குவியலில் போடுங்கள்.

ஹெக்டேருக்குச் சுமார் 100 கிராம், 35 லிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரம் கலக்க வேண்டும்: நடுவில் ஆழச் சுழி விழும்வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். குழாய்த் தண்ணீரானால் முந்தின நாளே பிடித்து மூடாமல் வையுங்கள். மாலையில், ஈர மண்ணில், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தெளித்து முடியுங்கள்.

கேள்வி (ரைலண்ட்ஸ், கேப்டவுன்): ஒயின் ருசியை மாற்றுவது இந்த உரமா, நிலமா?

பதில்: நிலம்தான். கொம்பு உரத்துக்கென்று தனி விளைவு இருப்பதை ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. கம்போஸ்டும், மண்ணை இலைதழையால் மூடும் மூடாக்கும் செய்கிற வேலை கண்ணுக்கே தெரியும்.

நாட்டில் முதலில் உயிராற்றல் சான்று பெற்ற ஒயின் திராட்சைத் தோட்டமான ரெய்னெகெ, ஸ்டெல்லன்பாஷ் பக்கம் போல்கட்ராய் மலைச்சரிவில் இருக்கிறது. சிதைந்த கிரானைட் மண். மேலே ஒரு பிடி அள்ளினால் நறநறவென்று கல்மணல். தோண்டத் தோண்ட விரலில் ஒட்டும் களிமண். குளிர்கால மழையை மணல் இறக்கிவிடும், களிமண் பிடித்து வைக்கும். மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியில் வேர் அங்கே போய்க் குடிக்கும். இலை வாடாது, பழம் நிதானமாகப் பழுக்கும், செனின் பிளாங்க் என்ற வெள்ளை ரகத்தில் புளிப்பு தங்கும். ஆழமில்லாத மணலில் அதே கொடி இலை உதிர்த்து, வெயிலில் பழம் வெந்துபோகும்.

கேள்வி: டர்பனில் ஒயின் திராட்சை வைக்கலாமா?

பதில்: கடற்கரையில் வேண்டாம். பழுக்கிற நேரத்தில்தான் அங்கே மழை; கொத்து அழுகும்.

கேள்வி (பார்ல்): பூச்சிமருந்து இல்லாமல் மாவுப்பூச்சியை எப்படி அடக்குவது?

பதில்: முதலில் எறும்பைப் பிடியுங்கள். மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்பான தேன்கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் விரட்டும். தண்டில் பசைப்பட்டை கட்டுங்கள். கம்பத்துக்கும் மறக்காமல் கட்டுங்கள். கொடியைத் தொடும் களையை வெட்டுங்கள், எறும்புக்கு அதுவே பாலம்.

மாவுப்பூச்சி இலைச்சுருள் வைரஸைப் பரப்பும். சிவப்பு ரகத்தில் நரம்பு பச்சையாக, இலை சிவந்து கீழ்நோக்கிச் சுருளும். செனினில் இது சரியாகத் தெரியாது. ஆய்வகத்தில்தான் சோதிக்க வேண்டும். வைரஸ் பிடித்த கொடிக்கு வைத்தியம் இல்லை. வேரோடு பிடுங்குங்கள், மிஞ்சிய வேரிலும் மாவுப்பூச்சி உயிரோடு இருக்கும்.