வாட்டர் கூலிங்குக்கு 1200 வாட் வேண்டுமா?

ஆர்டிஎக்ஸ் 4080 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, ரைசன் 7800எக்ஸ்3டி பிராசசர், தண்ணீரைச் சுற்றவிடும் ஒரு பம்ப், ஆறு ஃபேன், இப்படித் தண்ணீரால் குளிரூட்டும் கம்ப்யூட்டருக்குக் கடைக்காரர் 1200 வாட் பவர் சப்ளை கேட்கிறாரா? வேண்டாங்க. கார்டு 320 வாட், பிராசசர் அதிகபட்சம் 162, பம்பும் ஃபேன்களும் 40 பக்கம், மதர்போர்டு, எஸ்எஸ்டி எல்லாம் கூட்டினாலும் 600க்குள் அடங்கிவிடும். கார்டை உருவாக்கிய என்விடியாவே 750 வாட் சப்ளைதான் சொல்கிறது.

மின்சாரத்தை அதிகம் வீணாக்காத 'கோல்டு' தரச்சான்று உள்ள நல்ல 850 வாட் சப்ளை போதும், ஆனால் ஏடிஎக்ஸ் 3.1 என்ற பவர் சப்ளை தரம் போட்டிருக்கிறதா பாருங்கள், ஏனென்றால் கார்டு கண்சிமிட்டும் நேரத்துக்குள் திடீரென்று அதிகமாக இழுக்கும், அதைத் தாங்குவதையும் சேர்த்துத்தான் அந்தத் தரம் வகுத்தார்கள். என்னுடைய பழைய சப்ளை கேம் நடுவில் பொசுக்கென்று அணைந்ததே இதனால்தான்.

அப்புறம், தண்ணீர் ஊற்றிய முதல் நாள் பம்பைத் தவிர மற்ற பாகங்களுக்குப் போகும் பவர் கேபிள்களையெல்லாம் கழற்றிவிட்டு, மதர்போர்டிலிருந்து கழற்றிய 24 பின் கேபிள் முனையில் ஜம்பர் (போர்டு இல்லாமலே சப்ளையை ஆன் செய்யும் சின்ன இணைப்பு) மாட்டி பம்பை மட்டும் ஓடவிடுங்கள். கசிந்தாலும் போர்டு பிழைக்கும்.